இரவல் குரல்

நரம்பு வார்டில் நான் செய்த வேலையில் பாதி, அடுத்தவர் மூச்சைக் கேட்பதுதான். மீதிப் பாதி ஆட்களைப் புரட்டிப் படுக்க வைப்பது, கழுவுவது, துடைப்பது, சாப்பாடு ஊட்டுவது. முதுகுத்தட்டு விலகி, வேலையை விட்டு வீட்டில் இருக்கும் இந்த நாட்களில் அந்த மீதிப் பாதியை உடம்பு மறந்துவிட்டது. காது மறக்கவில்லை. பக்கத்து அறைக்காரர் மாடிப்படி ஏறி வந்து சாவியைத் தேடும்போது, அவருடைய மூச்சு எந்த இடத்தில் இடறுகிறது என்று அது தானாகவே கேட்கிறது.

எங்கள் வார்டைப் புதிய கட்டடத்துக்கு மாற்றப் போகிறார்களாம். அதைச் சொல்லத்தான் சாந்தி அழைத்தாள். மலேசியாவிலிருந்து படிக்க வந்து, தாதியாகி, இப்போது அந்த வார்டுக்கே பொறுப்பாக இருப்பவள்.

"பழைய ஆளுங்க எல்லார்கிட்டயும் கேட்டிருக்கேன் அண்ணே. ஊசி வருஷத்தைப் பத்தி நீங்க எழுதிக் குடுங்க. புதுசா வந்த பிள்ளைங்க கேக்குறாங்க."

"எனக்கென்ன பிள்ளை எழுதத் தெரியும்? அஞ்சாம் வகுப்போட நிண்டவன்."

"வாயால கேட்டா நீங்க ரெண்டு வார்த்தைக்கு மேல பேச மாட்டீங்க. அதான் எழுதச் சொல்றேன்."

அவள் சொன்னது உண்மை. ஊசி வருஷம் என்று அவள் குறிப்பிட்டது 2009. பன்றிக்காய்ச்சலுக்குத் தடுப்பூசி வந்த வருஷம். நோயைப் பற்றியும் ஊசியைப் பற்றியும் சொல்ல வேண்டியவர்கள் வைத்தியர்கள். நான் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

ஜெர்மனியில் ஓர் உணவகத்தில் சில வருஷம் கோப்பை கழுவிவிட்டு லண்டனுக்கு வந்தேன். ஈஸ்ட் ஹாமில் ஓர் அறை எடுத்து, ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் கட்டில் தள்ளும் வேலையில் சேர்ந்தேன். கலியாணம் இரண்டு தடவை பேசப்பட்டு, இரண்டு தடவையும் நின்றது. கட்டில் தள்ளிக்கொண்டு போன இடத்தில் ஒருநாள் நரம்பு வார்டின் சிஸ்டர் டோரீன் என்னை நிறுத்தினார். "நீ நடைவழி மூலையில் திரும்பும்போது நோயாளியின் முகத்தைப் பார்த்துத் திருப்புகிறாய். என்னிடம் வருகிறாயா?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன். அடுத்த மாதம் அவருடைய வார்டில் தாதி உதவியாளனாக இருந்தேன். யோகதாசன் என்ற என் பெயர் அங்கே தாஸ் ஆனது.

சிஸ்டர் டோரீன் பார்படோஸ் தீவிலிருந்து இளவயதில் வந்தவர். உயரம் குறைவு. கோபம் வந்தால் அவர் குரல் தாழும். கடும் கோபம் வந்தால் உதடு மட்டும் அசையும். அப்போது பெரிய வைத்தியர்களே நடையைக் கூட்டுவார்கள். ஒரு கட்டிலைத் தொடுமுன் அதன் கம்பியில் விரலால் தட்டுவார். "இது அவருடைய வீட்டுக் கதவு" என்பார். நினைவில்லாமல் கிடப்பவருக்கும் அப்படித்தான். தட்டி, பெயர் சொல்லி, என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லி, பிறகுதான் கை வைக்க வேண்டும். புரட்டும்போது தலைப்பக்கம் நிற்பவர் சொன்னால்தான் மற்றவர்கள் அசைய வேண்டும். தலைப்பக்கம் நிற்பவர் உதவியாளனாகவும் கால்பக்கம் நிற்பவர் வைத்தியராகவும் இருந்தாலும் சட்டம் மாறாது.

அந்த வார்டில் நான் அதிகம் பழகிய நோய் ஒன்று உண்டு. கால்விரலில் ஊசி குத்துவதுபோல் தொடங்கி, முழங்கால், இடுப்பு, கை என்று மேலே ஏறும். ஏதோ ஒரு கிருமியை அடிக்கப் புறப்பட்ட உடம்பின் காவல்காரர்கள் ஆள் மாறிச் சொந்த நரம்புகளையே அடித்துவிடுகிறார்கள் என்று சிஸ்டர் எனக்கு விளங்கப்படுத்தினார். அடித்த அடியில் நரம்பின் மேலுறை உரிந்துபோகும். பெரும்பாலானவர்களுக்கு அது மெல்ல மெல்ல மீண்டும் வளரும். வளரும்வரை ஆள் உயிரோடு இருக்க வேண்டும். அதற்குத்தான் நாங்கள்.

அசைய முடியாதவருக்கு வலி இருக்காது என்று பலர் நினைக்கிறார்கள். போர்வையின் பாரம்கூட அவர்களுக்கு நெருப்பு. அதனால் கால்மாட்டில் ஒரு வளைவுச் சட்டம் வைத்து, அதன்மேல் போர்வையை விரிப்போம். முகத்தின் தசையும் விழுந்துவிட்டால் கண் மூடாது. சொட்டு மருந்து விட்டு, தூங்கும் நேரத்தில் இமையை இழுத்து மெல்லிய பட்டி ஒட்டுவோம். எல்லாவற்றுக்கும் மேலாக மூச்சு. நெஞ்சுத் தசை சத்தம் போடாமல் தளரும். குழாயில் ஊதச் சொல்லி அளக்கும் கருவி ஒன்று இருந்தது. உதடு விழுந்தவர்களுக்குக் குழாயின் ஓரத்தால் காற்றுப் போய்விடும்; அளவு சரியாக வராது. அப்போது சிஸ்டரின் வழி, மூச்சை இழுத்து ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்வது. காலையில் எண்ணிய அளவு மதியம் எண்ண முடியாவிட்டால் உடனே ஆளைக் கூப்பிட வேண்டும்.

அந்த வருஷம் குளிர் தொடங்கியபோது சிவநேசன் வந்தார். ஹவுன்ஸ்லோவில் இருந்தவர். விமானங்களைக் கூட்டித் துடைக்கும் வேலை. நாற்பது வயது இருக்கும். நல்ல தோள். ஆஸ்துமா இழுப்பு இருந்ததால் அவருடைய குடும்ப வைத்தியர் முன்னுரிமை கொடுத்து அந்தத் தடுப்பூசியைப் போட்டிருந்தார். பிறகு சில நாளில் கடைக் கோழி சாப்பிட்டு வயிற்றோட்டம். அதற்குப் பிறகு விமானப் படியில் ஏறும்போது கால் மடங்கிவிட்டது. எங்களிடம் வந்தபோது இரண்டு காலிலும் அசைவு இல்லை; கையில் பாதிதான்.

பெரிய வைத்தியர் கட்டிலருகே வந்து மறைக்காமல் பேசினார். ஊசிக்குப் பிறகு இப்படி வருவது மிக மிக அரிது, ஆனால் நடந்ததே இல்லை என்று சொல்ல மாட்டேன் என்றார். கோழியிலிருக்கும் ஒரு கிருமி இந்த நோயைக் கொண்டுவருவது அதைவிட வழக்கம் என்றார். இரண்டில் எது, அல்லது இரண்டுமே இல்லையா என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். நான் மொழிபெயர்த்தேன்.

சிவநேசன் வளைந்த வாயால் சிரித்தார். "ஊசியோ கோழியோ எண்டு டொக்டருக்கே தெரியேல்லை. அப்ப கோழியெண்டே வையுங்கோ அண்ணை. அது ருசியாவது இருந்தது."

பல பேருடைய இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த மருந்து ஒன்றை அவருக்கு நாள்தோறும் ஏற்றினோம். போத்தலைப் பார்த்துச் சொன்னார்: "எத்தினை வெள்ளைக்காரற்ற இரத்தம் ஓடுது பாருங்கோ. இனி என்னைத் திருப்பி அனுப்பேலாது. அரைவாசி நான் இந்த ஊர்க்காரன்."

அவர் வந்தது வார்டுக்குள் பரவிவிட்டது. அடுத்த நாள் ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கு அதே ஊசி போட ஒரு தாதி தள்ளுவண்டியோடு வந்தபோது, எல்லோருக்கும் ஏதோ ஒரு வேலை இருந்தது. சாந்தி அப்போது புதியவள். "சிவநேசனைப் பாத்துட்டு எப்படிப் போட்டுக்கிறது?" என்று சத்தமாகவே கேட்டாள். சிஸ்டரின் குரல் தாழ்ந்தது.

"கீழ்மாடியில் இந்தக் காய்ச்சலால் ஒரு பிள்ளைத்தாய்ச்சி மூச்சு மெஷினில் கிடக்கிறாள். முதலில் அவளைப் போய்ப் பார். பிறகு வந்து எனக்குச் சொல்லு."

சொல்லிவிட்டுத் தன் சட்டைக் கையைச் சுருட்டினார். சாந்தி கீழே போனாள். திரும்பி வந்து தோளைக் காட்டினாள். நான் அவளுக்குப் பின்னால் நின்றேன். பயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். அன்றிரவு கால்விரல்களை ஆட்டிப் பார்த்துக்கொண்டே படுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை, கை கொஞ்சம் உளைந்தது.

சிவநேசனுக்கு வாய் மேலும் கோணியது. ஊதும் குழாயைப் பிடிக்க உதட்டுக்கு வலு இல்லை. ஆங்கிலத்தில் எண்ணச் சொன்னால் யோசித்து யோசித்துச் சொன்னார். "தாஸ், நீ உங்கள் மொழியில் எண்ண வை" என்று சிஸ்டர் சொல்லிவிட்டார். அப்படித்தான் அந்த வேலை என்னிடம் வந்தது. கம்பியில் தட்டுவேன். "தம்பி, மூச்சை இழுங்கோ, எண்ணுங்கோ" என்பேன். அவர் எண்ணுவார். நான் மூச்சைக் கேட்பேன்.

காலையில் இருபத்தைந்து வரை போனார். மதியமும் அப்படியே. மறுநாளும் அதே. எண்ணிக்கை விழாதது நல்ல செய்திதான். ஆனால் காதுக்கு ஏதோ பிடிபடவில்லை. பத்து வரையில் குரல் மெலிந்துகொண்டே போகும். பன்னிரண்டுக்குப் பிறகு ஈரம் பட்ட துணிபோல் மறுபடி கனக்கும். ஒரே மூச்சில் எண்ணுபவரின் குரல் அப்படித் திரும்பி வராது. மூன்றாம் தடவை அவருடைய மூக்கைப் பார்த்தேன். இரண்டு எண்ணுக்கு நடுவில், வாயில் முனகல் நிற்காமலே, மூக்கு மெல்ல விரிந்து மூடியது.

"தம்பி, சடுகுடு விளையாடினனீங்களோ?"

"ஏன் கேக்கிறியள்?"

"கள்ள மூச்சு எடுக்கிறியள்."

சடுகுடு விளையாடியவர்களுக்கு அது தெரியும். எதிர்ப்பக்கத்துக்குள் பாடிக்கொண்டு போனவர் மூச்சு விட்டால் ஆட்டமிழந்தார். கெட்டிக்காரர்கள் பாட்டை நிறுத்தாமலே மூக்கால் சொட்டு மூச்சைத் திருடுவார்கள். நடுவரின் காதுக்குத் தப்பினால் வெற்றி. நானும் அதில் பிடிபட்டவன்தான்.

சிவநேசன் மேற்கூரையைப் பார்த்தார். "நல்ல காது உங்களுக்கு" என்றார். பிறகு, "சொல்லிப் போடாதேங்கோ அண்ணை."

"ஏன் உங்களுக்கு இந்த விளையாட்டு?"

அவர் துண்டு துண்டாகச் சொன்னார். மனைவி பவானியும் ஒரு பெண்பிள்ளையும் இலங்கையில் கடைசிச் சண்டைக்குள் அகப்பட்டு, இப்போது வவுனியாப் பக்கம் முகாமில் இருந்தார்கள். பாரிசில் இருக்கும் மச்சான் மூலம் செய்தி வந்திருந்தது. முகாமுக்குள் யாரோ ஒளித்து வைத்திருக்கும் ஒரு போனில் அவள் கூடிய சீக்கிரம் அழைப்பு எடுப்பாள்.

"தை மாதம் கடைசியாக் கதைச்சது. ஷெல் சத்தத்துக்குள்ள அவள் ஏதோ கேட்டவள். எனக்கு விளங்கேல்லை. என்னவெண்டு கேக்கமுதல் லைன் போயிட்டுது. அதுக்குப் பிறகு இல்லை. இவங்கள் தொண்டைக்குள்ள குழாயை வைச்சா நான் அவளோட என்னெண்டு கதைக்கிறது?"

எனக்கு ஆளைத் தேற்றும் பேச்சு வராது. வாயில் வந்ததைச் சொன்னேன். "மூச்சு நிண்டாலும் கதைக்கேலாது தம்பி."

அவர் என்னையே பார்த்தார். பிறகு சிரிப்பு வந்தது. சிரிக்க மூச்சுப் போதவில்லை. "உங்களை ஆரண்ணை ஆஸ்பத்திரியில வேலைக்கு எடுத்தது?" என்று கேட்டு முடிக்க இரண்டு தடவை மூச்செடுத்தார். அதை அவரும் கவனித்தார்.

சிஸ்டரிடம் போனேன். அவர் ஏற்கெனவே தொலைபேசியைக் கையில் வைத்திருந்தார். "தலையணையிலிருந்து அவரால் தலையைத் தூக்க முடியவில்லை. கழுத்துப் போனால் மூச்சும் போகும். நான் தீவிர சிகிச்சை வைத்தியரைக் கூப்பிடுகிறேன். எண்ணிக்கை மட்டும் எப்படி நிற்கிறது என்றுதான் விளங்கவில்லை." நான் மூக்கைத் தொட்டுக் காட்டிச் சொன்னேன். அவர் ஒரு கணம் கண்ணை மூடினார். "பாவம் மனிதன்" என்றார். கோபப்படவில்லை.

வைத்தியர்கள் வந்தார்கள். குழாய் வைக்க அவர் சம்மதிக்க வேண்டும். எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். மேசையில் கிடந்த தன் கைத்தொலைபேசியைக் கண்ணால் காட்டினார்.

"அவள் எடுத்தா நீங்கள் கதையுங்கோ."

"எனக்குக் கதைக்கத் தெரியாது தம்பி."

"எனக்குக் கதைக்க ஏலாது. உங்களுக்குத் தெரியாது. ரெண்டு பேரும் சேந்தா ஒரு ஆள் வரும்."

அதுதான் அவருடைய சம்மதம்.

தீவிர சிகிச்சைப் பிரிவு எங்கள் வார்டின் கோடிக் கதவுக்கு அப்பால் இருந்தது. சிஸ்டர் அங்கே பேசி, அவரைப் புரட்டும் நேரங்களில் நானும் போக ஏற்பாடு செய்தார். மயக்க மருந்தைக் குறைத்ததும் அவர் விழித்தார். தொண்டையில் குழாய், முகம் கல்போல. கண் மட்டும் உயிரோடு இருந்தது. மேலே பார்த்தால் ஓம். கீழே பார்த்தால் இல்லை. அப்படி ஓர் ஒப்பந்தம் செய்தோம். தொலைபேசியை நான் சட்டைப்பைக்குள் வைத்திருந்தேன். வேலை நேரத்தில் அப்படி வைத்திருக்கக் கூடாது. சிஸ்டரின் கண் என் பையில் படும். வேறு பக்கம் திரும்பும்.

மலச்சட்டி கழுவும் அறையில் நின்றபோது அது அதிர்ந்தது. கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு எடுத்தேன்.

"ஹலோ?" பெண் குரல். தூரத்தில் ஆட்களின் இரைச்சல்.

"ஓம், சொல்லுங்கோ."

"ஆர் நீங்கள்? அவர் எங்க?"

நடந்துகொண்டே சொன்னேன். ஆஸ்பத்திரி, கை கால் விழுந்தது, குழாய், கதைக்க ஏலாது, ஆனால் காது கேட்கும். அவள் ஒரு சொல்லையும் நம்பவில்லை.

"இஞ்ச எல்லாருக்கும் இப்பிடித்தான் சொன்னவங்கள். ஆஸ்பத்திரியில இருக்கிறார், பேந்து வருவார் எண்டு. செத்துப்போனார் எண்டா அதைச் சொல்லுங்கோ. நான் தாங்குவன்."

"இல்லைத் தங்கச்சி. சத்தியமா இருக்கிறார்."

தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவில் நின்ற வைத்தியர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, மெஷினிலிருந்து தள்ளிப் பிடிக்கும்படி கைகாட்டி வழிவிட்டார். சத்தத்தைக் கூட்டி, அவர் காதுக்கும் என் காதுக்கும் நடுவில் பிடித்தேன்.

"அவர்தானெண்டா ஒண்டு கேளுங்கோ," என்றாள். "எங்கட கலியாணத்தில லைற் மெசின் நிண்டு இருட்டாப் போச்சுது. அது தாலி கட்ட முதலோ, கட்டின பிறகோ?"

"முதலோ தம்பி?" கண் கீழே போனது. "அப்ப பிறகோ?" கண் மறுபடி கீழே போனது. மறுபடியும் கேட்டேன். இரண்டுக்கும் இல்லை. மருந்து மயக்கத்தில் தவறாகச் சொல்கிறாரோ? இவள் தொலைபேசியை வைத்துவிட்டால்? ஆனால் கண் சொன்னதைத்தான் நான் சொல்ல முடியும்.

"தங்கச்சி, முதலும் இல்லையாம், பிறகும் இல்லையாம்."

இரைச்சலுக்குள் அவள் குரல் உடைந்து வந்தது. "அவர்தான். கட்டேக்கைதான் நிண்டது. ரெண்டாவது முடிச்சு இருட்டுக்குள்ளதான் போட்டவர்."

பிறகு அவள், "இஞ்சருங்கோ" என்று தொடங்கி அவரோடு பேசினாள். என்னால் முகத்தை மட்டும் திருப்ப முடிந்தது. கையை எடுக்க முடியவில்லை. அவருடைய கண்ணிலிருந்து நீர் வழிந்தது. சற்றுமுன்தான் சொட்டு மருந்து விட்டிருந்தோம். அதனால் எது என்று எனக்குத் தெரியாது.

கழுத்தில் சிறு துளையிட்டு அதன் வழியாக மெஷினைப் பொருத்திய பிறகு, அவரை எங்கள் வார்டுக்கே திருப்பி அனுப்பினார்கள். அழைப்புகள் தொடர்ந்தன. ஒழுங்கான நாள் கிடையாது. அந்தப் போனுக்கு வரிசை கிடைக்கும் நாள்தான் நாள். தண்ணீருக்கு நின்றது, கூடாரத்துக்குள் மழை வந்தது, சிட்டு என்று அவர்கள் கூப்பிடும் மகளுக்கு முன்பல் விழுந்தது எல்லாம் சொல்லுவாள். "அண்ணை, அவருக்குக் கோபமோ எண்டு கேளுங்கோ." "இல்லையெண்டுறார்." "நுளம்புக்கு வலை வாங்கினது சரியோ எண்டு கேளுங்கோ." "ஓமெண்டுறார்."

ஒருநாள் அவள் பொறுமை இழந்தாள். "அண்ணை, ஒவ்வொருக்காலும் அவர் இப்பிடிச் சொல்லுறார், அவர் அப்பிடிச் சொல்லுறார் எண்டு இழுக்கிறியள். எனக்குப் பின்னால சனம் நிக்குது. அவர் என்ன சொல்லுறாரோ அதை நேர சொல்லுங்கோ."

சிவநேசனின் கண் மேலே போனது. அன்று முதல் நேராகச் சொன்னேன். அவள் கேட்பாள், நான் கண்ணைப் பார்ப்பேன், "ஓம்" என்பேன், "இல்லை" என்பேன். எனக்கும் பழகிவிட்டது. கண் மேலே போய்ச் சற்று நின்றால் அது வெறும் ஓம் இல்லை, செல்லமான "ஓமடியப்பா" என்று அறிந்துகொண்டேன். ஆனால் அதை அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஓம் என்று மட்டும் மெதுவாகச் சொன்னேன். அந்த மெதுவை அவள் விளங்கிக்கொண்டாள். "அப்ப சரி" என்று அவளும் மெதுவாகச் சொல்வாள்.

வெள்ளிக்கிழமை எனக்கு ஓய்வு நாள். அன்று அவள் அழைத்துவிட்டால் என்ன செய்வது என்று, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சாப்பாட்டு மண்டபத்தில் தேநீரோடு உட்கார்ந்திருப்பேன். சிஸ்டர் ஒரு வெள்ளிக்கிழமை கண்டுவிட்டார்.

"உனக்கு வீடு இல்லையா, தாஸ்?"

"இருக்கிறது, சிஸ்டர்."

அவர் எதிரில் உட்கார்ந்து தன் சாப்பாட்டை முடித்தார். எழுந்து போகும்போது என் தோளில் இரண்டு தட்டுத் தட்டினார், கட்டில் கம்பியில் தட்டுவதுபோல்.

நரம்பு மெல்ல வளர்ந்தது. முதலில் நெற்றி சுருங்கியது. பிறகு தோள் குலுங்கியது. மெஷின் இல்லாமல் சிறிது நேரம் மூச்சு விட்டார், பிறகு கூடிய நேரம். கடைசியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் வந்து, கழுத்துக் குழாயில் ஒரு சின்ன மூடியைப் பொருத்தினாள். உள்ளே போகும் காற்று குழாயால் போகும். வெளியே வரும் காற்று தொண்டையால்தான் வர வேண்டும். வந்தது. மெல்லிய, கரகரத்த, யாரோ ஒரு கிழவருடைய குரல். சிவநேசனே திடுக்கிட்டார். "இது ஆரண்ணை?" என்றார். எல்லோரும் கை தட்டினோம்.

இரண்டு நாளில் அழைப்பு வந்தது. கை இன்னும் தூக்க வராது. நான் தொலைபேசியை அவர் காதில் பிடித்தேன், சத்தத்தைக் கூட்டவில்லை. ஆனால் பழக்கத்தில் குனிந்தே நின்றேன், அதனால் கேட்டது.

"பவானி" என்றார்.

"ஹலோ? ஹலோ?" என்றாள் அவள்.

"பவானி, நான்தான்."

"ஆர் கதைக்கிறது?"

"நான்தானப்பா. சிவம்."

"அவர் எங்க?" அவள் குரல் பதறியது. "அந்த அண்ணையிட்டக் குடுங்கோ. அவர் கதைக்கட்டும். அவரிட்டக் குடுங்கோ."

சிவநேசன் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை. அவர் பாடுபட்டு மீட்ட குரலை அவள் வேண்டாம் என்கிறாள். என்னுடையதைக் கேட்கிறாள். தொலைபேசியை என் பக்கம் திருப்பினேன்.

"தங்கச்சி, அவர்தான். குழாய்க்கு மூடி போட்டிருக்கு, குரல் வந்திட்டுது. இனி நான் இல்லை. அவர்தான் கதைக்கிறார்."

"மெய்யே அண்ணை?"

"ஓம்" என்றேன். மெதுவாகச் சொன்னேன் போலும்.

"அப்ப சரி" என்றாள்.

அதுவே அவள் என்னோடு பேசிய கடைசிச் சொல். தொலைபேசியை அவர் காதில் வைத்துப் பிடித்தபடி யன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சில வாரத்தில் அவருடைய கை அதைத் தானே பிடித்தது. தொலைபேசி என் சட்டைப்பையிலிருந்து அவருடைய மேசைக்குப் போனது. அழைப்பு வந்தால் நான் திரையை இழுத்து மூடிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவேன். இளவேனிலில் அவரை நடை பழக்கும் வேறோர் ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வாசல்வரை போனேன். "வீட்டுக்கு வரவேணும் அண்ணை, கட்டாயம்" என்றார். "வாறன்" என்றேன்.

பல வேலைகள் செய்திருக்கிறேன். ஒருவருக்கு நான் வேண்டியவனாக இருந்தது அந்தச் சில மாதங்கள்தான். புதிய கட்டடத்தில் எல்லாவற்றுக்கும் கருவி இருக்கும் என்று சாந்தி சொல்கிறாள். நல்லது. நோயாளிக்கு அதுதான் நல்லது. என் மனம் ஏங்குகிறது, அவ்வளவுதான். பகலில் சில நேரம் யாரோ "அண்ணை, அவரிட்ட கேளுங்கோ" என்று சொல்வதுபோல் இருக்கும்.

பவானியும் மகளும் பிறகு லண்டனுக்கு வந்து சேர்ந்தார்கள். சிவநேசன் தடி ஊன்றி நடக்கிறார், பாதி நாள் வேலையும் செய்கிறார் என்று கேள்விப்பட்டேன். இரண்டு தடவை ஆள் மூலம் என்னைக் கேட்டனுப்பினார். ஹவுன்ஸ்லோவுக்கு ரயிலில் ஒருமுறை மாறிப் போனால் போதும். நான் போகவில்லை. போனால் என்ன கதைப்பது என்று எனக்குத் தெரியாது.

சென்ற மாதம் ஈஸ்ட் ஹாமில் மரக்கறி வாங்க நின்றேன். எனக்கு முன்னால் ஒரு பெண், முருங்கைக்காயை வளைத்துப் பார்த்துக்கொண்டு கடைக்காரரோடு பேரம் பேசினாள். முதுகுதான் தெரிந்தது. "இது முத்தலெல்லே தம்பி" என்றதுமே என் காது எழுந்து நின்றது. பிறகு அவள் வாசல் பக்கம் திரும்பி, தொலைபேசியை நோண்டிக்கொண்டு நின்ற நெடிய பெண்பிள்ளையைப் பார்த்து, "சிட்டு, வா, பையைப் பிடி" என்றாள்.

கடைக்காரர் அவளுக்கு நிறுத்துக்கொண்டே என் பக்கம் தலையைத் திருப்பினார். "அண்ணைக்கு என்ன வேணும்?"

எனக்கு வேண்டியது அரைக் கிலோ வெண்டிக்காய். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால் அவள் என் குரலை அறிந்து திரும்பிப் பார்ப்பாள். சத்தம் வரவில்லை. விரலை நீட்டிக் காட்டினேன்.

"எவ்வளவு அண்ணை?"

கையால் பாதி என்று காட்டினேன்.

"இண்டைக்கு அண்ணைக்கு மௌன விரதம் போல" என்றார் கடைக்காரர்.

அவள் சிரித்தாள். அத்தனை அழைப்புகளில் ஒருநாளும் அவள் சிரித்து நான் கேட்டதில்லை.